மெகாவாட் ரேடியோ அலைக்கு லேசர் ஸ்விட்ச்: ஸ்லாக்ல ஆரம்பிச்ச ஒரு சிலிக்கான் வேஃபரோட கதை

வீட்டு வைஃபை ரூட்டருக்குள்ளயும் ரேடியோ அலைக்கு ஸ்விட்ச் இருக்கு, கைல இருக்குற போனுக்குள்ளயும் இருக்கு, ஆனா அதெல்லாம் ஒரு வாட் ரெண்டு வாட் சமாச்சாரம். அதே வேலைய 100 மெகாவாட்ல, 11.424 கிகாஹெர்ட்ஸ்ல, பத்து நானோசெகண்டுக்குள்ள செஞ்சு காட்டுங்கன்னு கேட்டா நமக்குத் தெரிஞ்ச ஸ்விட்ச் எல்லாமே கையை விரிச்சிடும். ரிலே மாதிரி ஏதாவது நகர்ந்து தொடணும்னா மில்லிசெகண்ட் ஆகும். ஃபெரைட்ங்கிற காந்தப் பொருள வச்சா காந்தப்புலத்த மாத்துறதுக்கே மைக்ரோசெகண்ட் கணக்குல நேரம் போயிடும். வாயு குழாய்ல பொறி தட்டி திருப்பலாம், ஆனா அந்தப் பொறி ஒவ்வொரு தடவையும் அதே நானோசெகண்ட்ல தட்டும்னு யாரும் எழுதிக் குடுக்க மாட்டாங்க. சாதாரண மைக்ரோவேவ் டையோடு ஒண்ண நடுவுல வச்சா அது இருந்த இடம்கூட தெரியாம போயிடும்.

1990கள்ல கலிபோர்னியா மென்லோ பார்க்ல இருக்குற ஸ்லாக் (SLAC) துகள் முடுக்கி ஆய்வுக்கூடத்துல எடுத்த வழி வேற. அலை போற குழாய்க்கு குறுக்கால சுத்தமான சிலிக்கான் வேஃபர், அதாவது மெல்லிய தகடு ஒண்ண வச்சாங்க, வயர் கிடையாது, கான்டாக்ட் கிடையாது, வெறும் வேஃபர். லேசர் படாத வரைக்கும் ரேடியோ அலை அதுக்குள்ள புகுந்து அந்தப் பக்கம் போயிடும். லேசர் பல்ஸ் பட்டதும் மேற்பரப்பு உலோகம் கணக்கா மாறி அலைய அப்படியே திருப்பி அனுப்பும். சமி டான்டாவி, ரொனால்ட் ரூத், ஆர்னால்ட் விலீக்ஸ், மேக்ஸ் ஸொலோடொரெவ் நாலு பேரும் 1997ல இத ஐஇஇஇ மைக்ரோவேவ் இதழ்ல கட்டுரையா போட்டாங்க. வடிவமைப்பு சில நூறு மெகாவாட் வரைக்கும் தாங்கும்னு கொள்கை அளவுல சொல்லி, கூடவே "நடக்குது பாருங்க"ன்னு காட்டுற சோதனையும் இருந்துச்சு. இவ்வளவு அழகான யோசனை ஏன் எந்த பெரிய மெஷின்லயும் போய் உக்காரல, அப்புறம் இருபது வருஷம் கழிச்சு ஏன் வேற இடத்துல தலைகாட்டுச்சுங்கிறதுதான் இங்க பாக்கப் போறது.

முதல்ல இந்த ஸ்விட்ச் எதுக்கு வேணும்னே புரியணும், இல்லனா மிச்சம் எல்லாம் அந்தரத்துல தொங்கும். அப்போ ஸ்லாக் ஆளுங்க மண்டையில ஓடிட்டு இருந்தது நெக்ஸ்ட் லீனியர் கொலைடர், சுருக்கமா என்எல்சி. எலக்ட்ரானையும் பாசிட்ரானையும் நேர் கோட்டுல முடுக்கி 500 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்ல மோத விடுறது, அப்புறம் அத 1 டெரா வரைக்கும் ஏத்துறது, இதான் திட்டம். முடுக்குற செப்புக் குழாய்களுக்கு ரொம்ப குட்டியான, ஆனா ரொம்ப பலமான மைக்ரோவேவ் பல்ஸ் வேணும். ஆனா அலைய உற்பத்தி பண்ற கிளைஸ்ட்ரான் குழாய்க்கு அந்த மாதிரி வேலை ஒத்துக்காது, 50 இல்ல 75 மெகாவாட்ல மைக்ரோசெகண்ட் கணக்குல நீளமா குடுக்குறதுதான் அதுக்கு சௌகரியம். அதனால நீளமான பல்ஸ வாங்கி எங்கயாவது சேத்து வச்சு குட்டியா, பலமா வெளிய விடணும். சின்ன மோட்டார போட்டு மாடி டேங்க நிதானமா ரொப்பிட்டு, கீழ பெரிய வால்வ ஒரே திருப்பா திறந்து விடுற வேலைதான், என்ன, இங்க டேங்க் ரொம்பவே ஒரு மைக்ரோசெகண்ட் ரெண்டு மைக்ரோசெகண்ட்தான்.

இதுக்கு ஸ்லாக்ல ஏற்கனவே ஒரு வழி இருந்துச்சு, அதுவும் 1974லயே. ஃபார்க்காஸ், ஹாக், லோ, வில்சன் நாலு பேர் கண்டுபிடிச்ச ஸ்லெட். அதுல ஸ்விட்ச்சே கிடையாது. ரெண்டு கேவிட்டில, அதாவது அலைய உள்ள பிடிச்சு வைக்கிற உலோக அறைல, சக்திய சேத்துட்டு கடைசி நேரத்துல கிளைஸ்ட்ரானுக்கு போற சிக்னலோட ஃபேஸ 180 டிகிரி திருப்பி விட்டாங்க, அவ்வளவுதான். கேவிட்டில இருந்து கசிஞ்சு வர்ற அலை, நேரா வர்ற அலையப் போல அதிகபட்சம் 2 மடங்கு உயரம் வரும். முன்னாடி அந்த 2ம் நேரா திரும்பி வர்ற 1ம் எதிரெதிரா இருந்து கழிஞ்சிட்டு இருந்துச்சு, ஃபேஸ் திரும்பினதும் ரெண்டும் கூடிடும், 3 ஆகும். சக்தின்னா உயரத்தோட வர்க்கம், அப்போ 9. இந்த 9தான் உச்சவரம்பு. நஷ்டமே இல்லாத குழாய் வச்சாலும், எவ்வளவு நேரம் ரொப்பினாலும், ஒன்பதுக்கு மேல ஒரு சொட்டு கூட வராது. 1990ல கேவிட்டிக்கு பதிலா நீளமான டிலே லைன் போட்டு ஸ்லெட்-2ன்னு பண்ணாங்க, பல்ஸோட தலை தட்டையா வந்துச்சு, ஆனா 9 அப்படியேதான் இருந்துச்சு.

டிலே லைன்னா பெருசா ஒண்ணும் இல்ல, ஒரு முனை அடைச்ச நீளமான குழாய், இன்னொரு முனைல சின்ன ஓட்டை போட்ட தடுப்பு. அலை உள்ள போயி அடைச்ச முனைல இடிச்சு திரும்பி வரும், ஓட்டைல கொஞ்சம் வெளிய கசியும், மிச்சம் மறுபடி உள்ள போகும், ஒவ்வொரு சுத்துலயும் புது அலை வந்து கூட சேரும். 250 நானோசெகண்ட் பல்ஸ் வேணும்னா வெளிச்சம் அதுக்குள்ள 75 மீட்டர் ஓடும், போக வர ரெண்டு வழின்னு வச்சா குழாயோட நீளம் 35 மீட்டருக்கு மேல. ஒரு மெஷினுக்கு இந்த மாதிரி எத்தனை குழாய் போடணும்னு யோசிச்சா சிவில் இன்ஜினியருக்கே தல சுத்தும். அதனால குழாய் நீளத்த குறைக்கணும், கிளைஸ்ட்ரான் எண்ணிக்கைய குறைக்கணும், ஒவ்வொரு கிளைஸ்ட்ரான்ல இருந்தும் இன்னும் நீளமா வாங்கி இன்னும் நிறைய மடங்கு சுருக்கணும்னு ஆசை வந்துச்சு, அங்கதான் அந்த 9 குறுக்க நின்னுச்சு.

கணக்க போட்டுப் பாத்தா வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும். பல்ஸ 4 மடங்கு சுருக்குறதா இருந்தா நஷ்டமில்லாத ஸ்லெட்-2 குடுக்குறது 3.44 மடங்கு சக்தி, அதாவது 86 சதவீதம், இதுக்கு மேல யாரு என்ன கேக்கப் போறாங்க. ஆனா 20 மடங்கு சுருக்கினா வர்றது வெறும் 6.8 மடங்கு, மூணுல ரெண்டு பங்கு சக்தி வீண். அதே இடத்துல, ரொப்பி முடிச்ச அந்த நொடி ஓட்டைய மட்டும் பெருசாக்க முடிஞ்சா 15 மடங்கு வரைக்கும் போகலாம். ரொப்புற நேரத்துல ஓட்டை ஒரே அளவுல இருந்தா உள்ள போய் தங்குற சக்தி அதிகபட்சம் 81 சதவீதம் சொச்சம், மிச்சம் ஆரம்பத்துலயே திரும்பிடும், அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. ஆனாலும் 6.8க்கு 15 மேல. இந்த "ஓட்டைய பெருசாக்குறது" இருக்கே, அதான் ஸ்விட்சோட வேலை.

ஓடுற அலைக்கு நடுவுல ஓட்டைய பெருசாக்குறது எப்படி? மூணு வாய் இருக்குற ஒரு சந்திப்ப எடுத்துக்குவோம், ஒரு வாய்ல அலை வருது, இன்னொண்ணுல டிலே லைன், மூணாவது வாய்ல அடைச்ச ஒரு குட்டிக் குழாய். அந்த மூணாவது வாய்ல அடைப்பு எவ்வளவு தூரத்துல இருக்குங்கிறத பொறுத்து டிலே லைனுக்குள்ள எவ்வளவு போகும், எவ்வளவு வரும்ங்கிறது மாறும். இப்போ அந்த அடைப்புக்கு முன்னாடி சிலிக்கான் வேஃபர் ஒண்ண நிறுத்துங்க. லேசர் இல்லாதப்ப அலை வேஃபர தாண்டிப் போயி அடைப்புல இடிச்சு திரும்புது. லேசர் பட்டா வேஃபர்லயே இடிச்சு திரும்புது. அடைப்பு சட்டுனு பக்கத்துல வந்த மாதிரி ஆயிடுச்சு, ஒண்ணுமே நகரல. எனக்கு இந்த வடிவமைப்புல ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான், ஸ்விட்ச் முழு சக்தியையும் "நிறுத்த" வேண்டாம், திரும்புற இடத்த மாத்துனா போதும்.

அடுத்த சிக்கல் ஓரம். வேஃபர குழாய்க்குள்ள பிடிச்சு நிறுத்தணும்ல, அந்த விளிம்புல சிலிக்கானும் செப்பும் சந்திக்கிற இடத்துல மயிரிழை இடைவெளி இருக்கத்தான் செய்யும். நூறு மெகாவாட் போற இடத்துல அந்த இடைவெளி போதும், பொறி தட்டும், வேஃபர் காலி. இதுக்கு அவங்க பண்ணது வட்டக் குழாய்ல டிஇ01ங்கிற மோடுல (குழாய்க்குள்ள புலம் அமையுற ஒரு வடிவம்) அலைய அனுப்புறது. இந்த மோடுல மின்புலம் வளையம் வளையமா சுத்தும், குழாய்ச் சுவர்ல வந்ததும் பூஜ்யம். குழாய் நீளவாக்குல சுவர்ல மின்னோட்டமும் ஓடாது, அதனால ரெண்டு குழாய் சேர்ற இடத்துல சின்ன வெட்டு இருந்தாலும் எதுவும் அறுபடாது, பொறிக்கு வேலையே இல்ல. வேஃபரோட ஓரம் சும்மா நிம்மதியா உக்காந்திருக்கும், புலம் எல்லாம் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடைப்பட்ட வளையத்துல. கான்டாக்ட் உலோகமும் இல்ல, ஓரத்துல புலமும் இல்ல, அப்புறம் என்னதான் உடையும்னு கேக்கத் தோணும்.

சிலிக்கானேதான் உடையலாம். 5 சென்டிமீட்டர் விட்டம் இருக்குற வட்டக் குழாய்ல டிஇ01 மோடுல 100 மெகாவாட் போகுதுன்னு வச்சு நானே ஒரு கணக்கு போட்டுப் பாத்தேன், மின்புலத்தோட உச்சம் மீட்டருக்கு 10 மெகாவோல்ட் பக்கம் வருது. சிலிக்கான் தாங்கும்னு புத்தகத்துல போட்டிருக்குறது மீட்டருக்கு சுமார் 30 மெகாவோல்ட். மூணுல ஒரு பங்கு, பரவால்லன்னு தோணும், ஆனா அந்த 30 சுத்தமான குறையில்லாத சிலிக்கானுக்கு, மேற்பரப்புல ஒரு கீறல் இருந்தாலும் கதை வேற. விட்டத்த பெருசாக்கினா புலம் குறையும், ஆனா லேசர் வெளிச்சம் போட வேண்டிய பரப்பும் கூடிடும், ஒண்ண இழுத்தா இன்னொண்ணு வரும்.

இப்போ லேசர் பல்ஸ் வேஃபர்ல விழுற அந்த கொஞ்ச நேரத்த நிறுத்தி நிதானமா பாப்போம். சிலிக்கானோட பேண்ட் கேப், அதாவது கட்டுண்ட எலக்ட்ரான ஓட விடுறதுக்கு வேண்டிய குறைஞ்சபட்ச சக்தி, 1.12 எலக்ட்ரான் வோல்ட், அதுக்கு மேல சக்தி இருக்குற ஃபோட்டான் ஒவ்வொண்ணும் ஒரு எலக்ட்ரானையும் ஒரு ஹோலையும் (எலக்ட்ரான் விட்டுப் போன காலி இடம்) எழுப்பி விடும், மின்சாரத்த சுமக்குற இந்த ரெண்டுக்கும் பொதுப் பேர் கேரியர். அறை வெப்பத்துல சுத்த சிலிக்கான்ல கன சென்டிமீட்டருக்கு 10^10 கேரியர் இருக்கும், அது ரேடியோ அலைக்கு இருந்தும் இல்லாத மாதிரி. அலைய உலோகம் மாதிரி திருப்பணும்னா 10^19 வாக்குல வேணும், அதாவது நூறு கோடி மடங்கு, சில நானோசெகண்டுக்குள்ள. அந்த அடர்த்தில சிலிக்கானோட கடத்துதிறன வச்சு ஸ்கின் டெப்த், அதாவது அலை உள்ள ஊடுருவுற ஆழம் பாத்தா 11.424 கிகாஹெர்ட்ஸ்ல சுமார் 30 மைக்ரோமீட்டர் வருது. அப்போ கேரியர் அடுக்கும் அந்த ஆழத்துக்கு இருந்தாதான் அலை முழுசா திரும்பும், மெல்லிசா இருந்தா பாதி ஊடுருவி சூடாக்கிட்டு போகும்.

இங்கதான் லேசர் நிறம் முக்கியமாகுது. 532 நானோமீட்டர் பச்சை வெளிச்சம் சிலிக்கானுக்குள்ள ஒரு மைக்ரோமீட்டர் சொச்சத்துலயே தீர்ந்து போயிடும். 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒரு மில்லிமீட்டர் வரைக்கும் போகும், கேரியர் எல்லாம் நீர்த்துப் போகும். நமக்கு வேண்டியது ரெண்டுக்கும் நடுவுல. இந்த நிற விளையாட்ட முதல்ல கையில எடுத்தவரு பெல் லேப்ஸ்ல இருந்த டேவிட் ஆஸ்டன், 1975ல. சிலிக்கான் மேல போட்ட மெல்லிய கம்பி இடைவெளில பச்சை பல்ஸ் அடிச்சா மேற்பரப்பு மட்டும் கடத்தி சிக்னல் தாண்டிப் போகும், கொஞ்சம் கழிச்சு அகச்சிவப்பு பல்ஸ் அடிச்சா அது அடி வரைக்கும் ஊடுருவி கீழ இருக்குற கிரவுண்டோட சேத்து ஷார்ட் ஆக்கிடும், சிக்னல் நின்னுடும். ஒரே துண்டுல ஒரு நிறத்துக்கு ஆன், இன்னொரு நிறத்துக்கு ஆஃப். ஸ்லாக் வேஃபருக்கு தாத்தான்னு யாரையாவது சொல்லணும்னா அது இவரோட அந்தச் சின்ன சில்லுதான்.

அடுத்தது வேகம். வேஃபர் "தெரியாம" இருக்குற நிலைல இருந்து "உலோகம்" ஆகுற நிலைக்கு தாவுறப்ப நடுவுல ஒரு மோசமான கட்டத்த தாண்டித்தான் ஆகணும், அங்க அது அலைய விடவும் விடாது, திருப்பவும் திருப்பாது, தின்னுடும். தனியா நிக்கிற மெல்லிய தகட்டோட ஷீட் ரெசிஸ்டன்ஸ் (தகட்டுப் பரப்போட மின்தடை) 188 ஓம் பக்கத்துல இருக்குறப்ப வர்ற சக்தில பாதிய உறிஞ்சிடும். பின்னாடி அடைப்பு வேற இருந்தா, தூரம் ஏடாகூடமா அமைஞ்சா முழுசையும் உறிஞ்சக்கூட வாய்ப்பு இருக்கு. 100 மெகாவாட்ல பாதி, 5 நானோசெகண்டுக்குன்னா 0.25 ஜூல், வினாடிக்கு 120 தடவை அடிச்சா 30 வாட், தாங்கிக்கலாம். அதே தாவலுக்கு 100 நானோசெகண்ட் எடுத்துக்கிட்டா பல்ஸுக்கு 5 ஜூல், 600 வாட், உள்ளங்கையில அடங்குற ஒரு சிலிக்கான் தகட்டுல. சூடு ஏற ஏற சிலிக்கான்ல தானாவே கேரியர் கூடும், கேரியர் கூடினா இன்னும் உறிஞ்சும், இன்னும் சூடாகும், இப்படியே போயி ஒரு இடத்துல கையை மீறிடும். லேசரோட பலமே இங்கதான், கேரியர் எல்லாத்தையும் வேஃபர் முழுக்க ஒரே நேரத்துல கொண்டு வந்து நிறுத்திடும், எங்கயும் காத்திருக்க வேண்டாம்.

ஸ்விட்ச்ன்னா ஆன் ஆகணும், ஆஃப்பும் ஆகணும்தானே, சிலிக்கான்ல ஆஃப் ரொம்ப மெதுவு. சுத்த சிலிக்கான்ல எலக்ட்ரானும் ஹோலும் மறுபடி சேந்து மறைய பத்து, நூறு மைக்ரோசெகண்ட் கணக்குல ஆகும். வேற யாருக்கும் இது எரிச்சல், ஸ்லாக்குக்கு இது வரம். ஏன்னா டிலே லைன் காலியாகுற அந்த சில நூறு நானோசெகண்ட் முழுக்க வேஃபர் உலோகமாவே இருக்கணும், லேசர் ஒரு தடவை தட்டி விட்டா போதும், பிடிச்சுக்கிட்டே இருக்க வேண்டாம். அடுத்த பல்ஸ் வர்றது வினாடிக்கு 120ன்னா 8 மில்லிசெகண்ட் கழிச்சு, அதுக்குள்ள வேஃபர் எல்லாத்தையும் மறந்துட்டு பழையபடி ஆயிருக்கும். கேலியம் ஆர்சனைடு போட்டிருந்தா கேரியர் நானோசெகண்ட் கணக்குல மறைய ஆரம்பிச்சிடும், லேசர விடாம ஊத்திக்கிட்டே இருக்கணும். வேகமான பொருள்தான் நல்ல பொருள்னு நெனைக்கிறவங்க இந்த இடத்துல கொஞ்சம் நின்னு பாக்கணும்.

கேலியம் ஆர்சனைடு பத்தி ஒரு கிளைக்கதை. நியூ மெக்சிகோ சாண்டியா லேப்ல 1980கள் கடைசில ஸுடாவெர்ன், லூப்ரியல் குழு அதுல உயர் வோல்டேஜ் ஸ்விட்ச் பண்ணப்ப ஒரு விசித்திரத்த பாத்தாங்க, கொஞ்சூண்டு வெளிச்சம் காட்டினாலே ஸ்விட்ச் முழுசா ஆன் ஆகி, வெளிச்சம் போன அப்புறமும் அப்படியே பூட்டிக்கிட்டு நிக்கும். லாக்-ஆன்னு பேர். லேசர் செலவு மிச்சம், அருமைன்னு தோணும், ஆனா அப்போ மின்னோட்டம் மெல்லிய இழை இழையா ஓடும், அந்த இழை கான்டாக்ட்ட தொடுற இடம் கொஞ்சம் கொஞ்சமா அரிச்சுப் போகும். டிசி பல்ஸ் அடிக்கிறவங்களுக்கு அது பெரிய தலைவலி. ஸ்லாக் வேஃபர்ல கான்டாக்ட்டே கிடையாது, லாக்-ஆனும் கிடையாது, அதனால அந்தப் பக்கம் போகவே தேவை வரல.

அப்புறம் ஏன் நிக்கல? என் கணிப்பு, சிலிக்கான் மேல பழி போட முடியாது, கணக்குதான் ஒத்து வரல. அஞ்சு சென்டிமீட்டர் வட்டம், 30 மைக்ரோமீட்டர் ஆழம், 10^19 அடர்த்தின்னு வச்சா எழுப்ப வேண்டிய ஜோடி 6×10^17. 800 நானோமீட்டர் ஃபோட்டான் வச்சா அதுக்கு 0.15 ஜூல், மேற்பரப்புல தெறிச்சு போறது மூணுல ஒரு பங்கு, அதையும் சேத்தா 0.2 ஜூலுக்கு மேல, ஒவ்வொரு பல்ஸுக்கும், வினாடிக்கு 120 தடவை. ஒரு லேப்ல ஒரு லேசர்னா இது ஒண்ணும் இல்ல. ஆனா என்எல்சி மாதிரி மெஷின்ல கிளைஸ்ட்ரானே ஆயிரக் கணக்குல, ஒவ்வொரு சுருக்கிக்கும் ஒரு லேசர், ஒவ்வொண்ணும் ஒரு நானோசெகண்ட் பிசகாம தட்டணும், வருஷம் முழுக்க. 1990கள்ல இருந்த லேசர் விலையும், ஃப்ளாஷ் லேம்ப் மாத்துற செலவும் வச்சுப் பாத்தா கிளைஸ்ட்ரான்ல மிச்சம் பிடிச்சது லேசர்ல போயிடும்.

டான்டாவி குழுவே அடுத்து லேசர ஓரம் கட்டிட்டாங்க. 2002ல ஃபுமிஹிகோ தமுராவும் டான்டாவியும் போட்ட கட்டுரைல வேஃபர் அதேதான், டிஇ01 மோடும் அதேதான், ஆனா வேஃபர் மேலயே பின் (PIN) டையோடு வரிசையா செதுக்கி கரன்ட் விட்டு கேரியர உள்ள தள்ளுனாங்க. விலை குறைவு, லேசர் கிடையாது. பதிலுக்கு வேகம் போச்சு, கேரியர் ஓரத்துல இருந்து நடந்து வந்து இடத்த ரொப்பணும், மேல சொன்ன அந்த உறிஞ்சுற கட்டத்துல வேஃபர் கூடுதல் நேரம் நிக்கும். வேஃபர் மேல உலோகக் கோடும் வந்துடுச்சு, வெறும் வேஃபர்ங்கிற சௌகரியம் போயே போச்சு.

இதுக்கிடையில ஸ்விட்ச்சே இல்லாத பழைய வழி ஓடிக்கிட்டே இருந்துச்சு. ஸ்லாக்ல 2003 வாக்குல ஒரே குழாய்ல ரெண்டு மோடு ஓட்டுற ஸ்லெட்-2 கட்டி 400 நானோசெகண்டுக்கு 500 மெகாவாட்டுக்கு மேல எடுத்துக் காட்டிட்டாங்க, சுருக்கம் 4 மடங்குதான். நம்ம கணக்குல பாத்தோமே, 4 மடங்குல ஸ்லெட்-2 86 சதவீதம், அங்க போயி லேசர் ஸ்விட்ச் வச்சு என்னத்த கூட்ட? 20 மடங்கு சுருக்கணும்ங்கிற தேவை இருந்தாதான் ஸ்விட்சுக்கு மரியாதை, மெஷின் வடிவமைப்பு அந்தப் பக்கமே போகல. 2004 ஆகஸ்ட்ல பேரி பேரிஷ் தலைமைல இருந்த சர்வதேசக் குழு அடுத்த கொலைடருக்கு சூப்பர்கண்டக்டிங் தொழில்நுட்பம்தான்னு பரிந்துரை பண்ணிட்டாங்க, 1.3 கிகாஹெர்ட்ஸ், மில்லிசெகண்ட் பல்ஸ், சுருக்கவே வேண்டாம். என்எல்சி அத்தோட முடிஞ்சுது, அதுக்காக யோசிச்ச ஸ்விட்சுக்கும் வேலை போச்சு.

ஆனா லேசர் அடிச்சா சிலிக்கான் உலோகமாகும்ங்கிற விஷயம் எங்க போகும்? கொலைடர விட்டுட்டு, ஒரே ஒரு லேசர் போதும்ங்கிற இடமா பாத்து போயி உக்காந்துக்குச்சு. சான்டா பார்பரால இருக்குற கலிபோர்னியா பல்கலைக்கழகத்துல ஃப்ரீ எலக்ட்ரான் லேசர் ஒண்ணு இருக்கு, 240 கிகாஹெர்ட்ஸ்ல மைக்ரோசெகண்ட் கணக்குல நீளமா குடுக்கும், ஆனா எலக்ட்ரான் ஸ்பின் சோதனைக்கு வேண்டியது நானோசெகண்ட் துண்டு. சிலிக்கான் வேஃபர ப்ரூஸ்டர் கோணத்துல, அதாவது 74 டிகிரி வாக்குல சாய்ச்சு வச்சா அலை துளிகூட தெறிக்காம ஊடுருவிடும், லேசர் பட்டா மட்டும் திரும்பும். ஒரு வேஃபர்ல ஆரம்பத்த வெட்டு, இன்னொரு வேஃபர்ல முடிவ வெட்டு, நடுவுல ஒரு துண்டு கிடைக்கும். அத வச்சு பண்ண வேலை 2012ல நேச்சர் இதழ்ல வந்துச்சு.

அப்புறம் எம்ஐடி. அங்க 110 கிகாஹெர்ட்ஸ் ஜைரோட்ரான், அதாவது அலைய உற்பத்தி பண்ற இன்னொரு வகை குழாய் இருக்கு, மெகாவாட் அளவு, 3 மைக்ரோசெகண்ட் பல்ஸ். பிக்கார்ட், ஷாப், டெம்கின் குழு 2019ல அதுக்கு முன்னாடி வேஃபர வச்சு 532 நானோமீட்டர் லேசர், 6 நானோசெகண்ட், 230 மில்லிஜூல் அடிச்சாங்க. நான் மேல போட்ட கணக்கோட அளவுக்கு பக்கத்துலயே வருது பாருங்க. சிலிக்கான்ல 70 சதவீதத்துக்கு மேல திரும்புச்சு, கேலியம் ஆர்சனைட்ல 78க்கு மேல. 600 கிலோவாட் வரைக்கும் விட்டுப் பாத்தாங்க.

அதுல எனக்கு தூக்கிவாரிப் போட்ட விஷயம் திரும்பி வந்த பல்ஸோட நீளம். சிலிக்கான்ல 9 நானோசெகண்ட், கேலியம் ஆர்சனைட்ல 24. கேரியர் ஆயுள மட்டும் வச்சுப் பாத்தா இது தலைகீழ், சிலிக்கான்தானே மைக்ரோசெகண்ட் கணக்குல நினைவு வச்சிருக்கணும்? வெளிச்சம் எவ்வளவு ஆழம் போச்சுங்கிறத சேத்துப் பாத்தாதான் பிடிபடும். பச்சை லேசர் சிலிக்கான்ல ஒரு மைக்ரோமீட்டர்லயே கேரியர் எல்லாத்தையும் குவிச்சிடுது, குவிஞ்சது உள்ள பரவ ஆரம்பிக்கும், பரவப் பரவ அடர்த்தி இறங்கும், எலக்ட்ரான் எதுவும் சாகலனாலும் மேற்பரப்பு உலோகம்ங்கிற நிலைல இருந்து அந்த உறிஞ்சுற கட்டத்துக்கு வழுக்கிடும். ஸ்லாக்ல ஆன் ஆகுறப்ப மின்னல் வேகத்துல தாண்டின பள்ளத்துக்குள்ள இங்க திரும்பி வர்றப்ப மெதுவா இறங்குது. கேரியர் ஆயுள், லேசர் நிறம், ரேடியோ அலையோட அதிர்வெண் மூணையும் சேத்துதான் ஸ்விட்சோட குணம் முடிவாகும், டேட்டாஷீட்ல இருக்குற ஆயுள் எண்ண மட்டும் வச்சு பொருள தேர்ந்தெடுத்தா ஏமாந்துடுவோம்.

அடுத்தடுத்து ரெண்டு வேஃபர் வச்சு, ரெண்டையும் லேசர்ல இயக்கி, எம்ஐடி குழு பல்ஸ 3 நானோசெகண்ட் வரைக்கும் வெட்டினாங்க, 300 கிலோவாட்டுக்கு மேல. எதுக்கு இவ்வளவு குட்டி? பல்ஸ் நீளம் குறைய குறைய செப்புக் குழாய்க்குள்ள பொறி தட்டுற வாய்ப்பு குறையும், அதிக புலம் வச்சு சோதிக்கலாம். 2020ல ஸ்லாக்கும் எம்ஐடியும் சேந்து ஒரே ஒரு அறை உள்ள குட்டி செப்பு முடுக்கிய இந்த மாதிரி வெட்டின 10 நானோசெகண்ட் துண்டுகளால ஓட்டினாங்க, ஸ்விட்ச் லேசர் அடிச்ச சிலிக்கான்தான். 575 கிலோவாட் வரைக்கும் உள்ள போச்சு, முடுக்கம் மீட்டருக்கு 230 மெகாவோல்ட், செப்போட மேற்பரப்புல 520 மெகாவோல்ட்டுக்கு மேல. அந்த அளவுக்கு செப்ப பழக்க ஒரு லட்சத்துக்கு மேல பல்ஸ் அடிச்சிருக்காங்க.

ஒரு லட்சம்ங்கிறது சோதனைக்கு தாராளம். என்எல்சி வேகத்துல, வினாடிக்கு 120 வச்சுப் பாத்தா அது கால் மணி நேரத்துல தீர்ந்துடும். வேஃபர் இத்தனைக்கும் தாங்குச்சுங்கிறது நல்ல சேதி, ஆனா ஒரு வருஷம் ஓடுற மெஷினுக்கு வேண்டியது நூறு கோடி பல்ஸுக்கு மேல, அந்த அளவுக்கு பச்சை லேசரும் அதோட ஆப்டிக்ஸும் நிக்குமான்னுதான் அடுத்து யாராவது காட்டணும். இப்போ ஃப்ளாஷ் லேம்ப்புக்கு பதிலா டையோடு பம்ப் பண்ற லேசர் வந்தாச்சு, 800 நானோமீட்டர் பக்கம் டையோடு லேசர் அடுக்கே நேரடியா அடிக்கலாம், ஆனா டையோடு அடுக்குல 0.2 ஜூல 5 நானோசெகண்டுக்குள்ள திணிக்கணும்னா 40 மெகாவாட் உச்சம் வேணும், அது நடக்காது. பத்து இருபது மைக்ரோசெகண்ட் எடுத்து நிதானமா ஊத்தலாம், ஆனா அந்த நேரம் முழுக்க வேஃபர் உறிஞ்சுற கட்டத்துலயே நிக்கும், ஏற்கனவே பாத்த 600 வாட்டே அப்போ சின்னதா தெரியும். ரேடியோ அலை வர்றதுக்கு முன்னாடியே வேஃபர தயார் பண்ணி வைக்கலாம்ங்கிற வேலைகளுக்கு அது சரிப்படும், ரொப்பி வச்ச டிலே லைன சட்டுனு திறக்குற வேலைக்கு இன்னமும் அந்த நானோசெகண்ட் லேசர்தான் வேணும்.